ரசீது எண் 73939133

ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை.
செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வைத்துக்கொண்டு
ஃபைரோஸ் ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தான்.
73939133.
நாளைக்கு இருபது பேர் வரும் கடைக்கு
எட்டு இலக்கம் எதற்கு என்றேன்.
"மெஷின் அப்டித்தான் வந்துச்சுக்கா."

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் பறக்கவில்லை.
அரை மணி நேரம்.
நாள் முழுக்க அடுத்தவர் பில்லைப் பிரிப்பது என் பிழைப்பு,
மத்திக்கு ஒன்பது சதம், மாநிலத்துக்கு ஒன்பது.
கை சும்மா இருக்குமா?
வகுத்தேன்.
மூன்று போகவில்லை. ஏழு போகவில்லை.
பதினொன்று, பதிமூன்று,
முப்பத்தேழில் பேனா மக்கர் செய்தது.
மிச்சத்தை இரவு வீட்டில்.
8598 வரைக்கும் உள்ள பகா எண்களை
ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பினேன்,
ஆயிரத்துச் சொச்சம் பேர்.
எல்லோரும் ஏதோ ஒரு மீதியைக் கையில் பிடித்தபடி
திரும்பி வந்தார்கள்.

எனக்கு முன்னால் நின்ற பையனின் சீட்டு நான்கால் வகுபடும்.
பின்னால் நின்ற போலீஸ்காரருடையது ஆறால்.

சீட்டைக் கைபேசி உறைக்குள் செருகியிருந்தேன்.
அந்தத் தாளில் மை கிடையாது,
சூடு எழுதியதை பிளாஸ்டிக்கின் பிசுக்கு தின்னும்,
வலது ஓரத்திலிருந்து.
திங்களன்று 7393913.
வகுத்துப் பார்த்தேன், பகா எண்.
தற்செயல்.
வியாழன் 739391.
அதுவும்.
கத்திரி வெயிலில் பெருங்குடி ஏரி நாறிக்கொண்டிருந்த
ஒரு ஞாயிறு மத்தியானம், 73939.
அதற்குமேல் பொறுமையில்லை,
பிசுக்கை முந்திக்கொண்டு நானே வெட்டினேன்.

7393
739
73
7

வால் போகப் போக அது பல்லியாகவே இருந்தது.

நீட்டிப் பார்க்கலாமா என்று ஆசை.
கடைசியில் ஓர் இலக்கம்.
இரட்டைப்படை ஆகாது, ஐந்து ஆகாது.
ஒன்றைச் சேர்த்தால் இலக்கங்களின் கூட்டல் முப்பத்தொன்பது,
மூன்று நுழைந்துவிடும்.
ஏழைச் சேர்த்தால் நாற்பத்தைந்து, அதே மூன்று.
மூன்றும் ஒன்பதும் கொஞ்ச நேரம் அடம்பிடித்து
அப்புறம் அவையும் உடைகின்றன.
இதற்குமேல் வளராது.
இப்படி வலமிருந்து தேய்ந்தும் கெடாத எண்கள்
மொத்தமே எண்பத்து மூன்று,
அதில் பெரியது இது.
எண்பத்து மூன்றும் பகா எண்தான்.
இரவு ஒரு மணிக்கு இதை யாரிடம் சொல்ல?
மேல்வீட்டு செல்வநாயகி இன்னும் தூங்கவில்லை,
தண்ணீர் லாரிக்காரனோடு போனில் சண்டை,
ஒன்பதாயிரம் லிட்டரை ஆறு வீட்டுக்குப் பிரிப்பதில்.

பத்தொன்பதாம் நாள் கடைக்குப் போனேன்.
சீட்டில் ஏழு மட்டும்.
நீட்டினேன். அவன் பார்க்கக்கூட இல்லை.
"போன் நம்பர் சொல்லுங்க, போதும்."
சொன்னேன். நாற்பத்தெட்டில் முடிவது.
நான்கு தாராளமாகப் போகும்.
இத்தனை வருடம் அதைத்தான் என் எண் என்று
எல்லாருக்கும் கொடுத்திருக்கிறேன்.

"பாதிதான்க்கா எடுக்க முடிஞ்சுது."
எந்தப் பாதி என்று கேட்கவில்லை.
ஆயிரம், தொண்ணூறு, தொண்ணூறு
என்று அவன் கால்குலேட்டரை எடுப்பதற்குள் சொன்னேன்.
பழைய சீட்டைக் குப்பையில் போடப் போனவனிடமிருந்து
வாங்கிக்கொண்டேன்.
ஒரு மாதிரி பார்த்தான்.

மந்தைவெளி தாண்டும்போது ஜன்னலில் வெயில் விழுந்தது.
சீட்டைச் சாய்த்துப் பிடித்தேன்.
ஏழின் கால் போயிருந்தது.
மேல்கோடு மட்டும் மங்கலாக,
கழித்தல் குறி போல,
எதிலிருந்து எதை என்று
எழுதாமல்.